ஒரே வயலின், பல இசைகள்: இன்னொரு மரபைக் கேட்கவும் கற்கவும் விரும்புவோரின் கேள்விகள்

கர்நாடக இசையில் வளர்ந்து மேற்கத்திய இசையின் பக்கம் போக நினைப்பவர்கள், கிட்டாரோ பியானோவோ கற்ற பிறகு ராகங்களைத் தேடி வருபவர்கள், தனக்கு உயிரான பாட்டு ஒன்றை வேறு ஊர் நண்பருக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு அது அவருக்கு ஏன் எட்டவில்லை என்று யோசிப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் வயலின் அதிகம் வரும். நான் வாசிப்பது வயலின் என்பதும் ஒரு காரணம். ஆனால் சென்னை சபாவிலும் வியன்னா அரங்கிலும் அயர்லாந்துக் கிராமத்திலும் அரபு நாடுகளிலும் ஒரே கருவி உள்ளூர்க் கருவியாகவே ஆகிவிட்டது என்பதுதான் பெரிய காரணம். மரபுக்கும் மரபுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மேற்கத்திய வயலின் சில வருடங்கள் கற்றிருக்கிறேன். கர்நாடக இசைக்கு வேறு வயலின் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பெட்டி, வில், தந்தி எல்லாம் அதேதான். சுருதி சேர்ப்பதுதான் மாறும்.

மேற்கத்திய முறையில் நான்கு தந்திகளும் தாழ்விலிருந்து ஜி, டி, ஏ, இ என்று நிற்கும். கர்நாடக முறையில் ஸ, ப, ஸ, ப. ஸ எங்கே நிற்கும் என்பது பாடுபவரின் குரலைப் பொறுத்தது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டை வரை (சி முதல் டி வரை) பாடுவார்கள். பெண்கள் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு என்று மேலே போவார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் வழி ஐந்து கட்டையில், அதாவது ஜி-யை ஸ-வாக வைத்து ஆரம்பிப்பது. அப்படி வைத்தால் கீழே உள்ள இரண்டு தந்திகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே உள்ள இரண்டை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும்: ஏ தந்தி ஜி ஆகும், இ தந்தி டி ஆகும். அரபு இசையில் வயலினை வழக்கமாகச் சேர்ப்பதும் இதே ஜி, டி, ஜி, டி தான்.

இரண்டு கட்டைக்கு இறக்கினால் எல்லாத் தந்திகளும் தளர்ந்து நாதம் மங்கும். அதற்குக் கொஞ்சம் கனமான தந்தி தேவைப்படும். தினமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் பிருடை (தந்தியை முறுக்கும் முளை) வழுக்கத் தொடங்கும், தந்தியும் சீக்கிரம் போகும். இரண்டு முறையிலும் தொடர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சாதாரணமான இரண்டாவது வயலின் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் போட்டுக்கொள்ளுங்கள். சுருதி துல்லியமாக நிற்காவிட்டால் கர்நாடக இசையில் ஒரு அடிகூட நகர முடியாது.

கர்நாடக வயலினை ஏன் தரையில் உட்கார்ந்து, சுருளைக் காலில் ஊன்றி வாசிக்கிறார்கள்? நின்றுகொண்டு வாசித்தால் தப்பா?

தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் பகுதியை (கழுத்தின் நுனியை) வலது காலின் மேல் ஊன்றி, மறுமுனையை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவே பொருத்தினால், கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. கை முழுச் சுதந்திரமாகத் தந்தியின் மேல் இழையலாம். இந்த இசையின் பாதி அந்த இழைவில்தான் இருக்கிறது.

மொராக்கோவின் அந்தலூசிய இசைக்கலைஞர்கள் வயலினைத் தொடைமேல் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார்கள். அயர்லாந்து ஃபிடில்காரர்களில் சிலர் தாடையில் அழுத்தாமல் கொஞ்சம் தாழ்வாகவே பிடிப்பார்கள். எந்த இசைக்கு எந்த அசைவு முக்கியமோ அதற்கு ஏற்றபடி உடம்பு உட்கார்ந்துகொள்கிறது. அதனால் புதிய மரபுக்குப் போகும்போது அந்த மரபின் உட்காரும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை வைத்துப் பழகலாம்.

எனக்கு வைப்ரட்டோ நன்றாக வரும். கமகமும் அதுதானே?

இல்லை. மேற்கத்திய இசையிலிருந்து வருபவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைப்ரட்டோவில் விரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. அந்த ஸ்வரத்தைச் சுற்றி மிகச் சிறிய, வேகமான நடுக்கம். கேட்பவர் காதில் ஸ்வரம் ஒன்றுதான், அது கொஞ்சம் செழிப்பாகக் கேட்கும். கமகத்தில் குரலோ விரலோ ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தப் பயணம்தான் ஸ்வரம்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் அந்த ஒரு கட்டையை அழுத்தினால் தோடி வராது. அந்த காந்தாரம் கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் இடையில் அகலமாக, நிதானமாக அசைந்துகொண்டே இருக்கும். பெயருக்குரிய புள்ளியில் அது நிற்பதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மேற்கத்திய இசையில் ஃபிரிஜியன் என்று சொல்லும் மோடுக்கும் தோடிக்கும் ஏழு ஸ்வரங்கள் ஒன்றுதான். ஃபிரிஜியனை மேலும் கீழும் வாசித்துக் காட்டினால், தோடியிலேயே ஊறியவர்கூட உடனே அதை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

எப்படிப் பழகுவது? முதலில் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தம்புரா சுருதியை ஓடவிட்டு, ஒரு நல்ல பாடகரின் ஆலாபனையில் மூன்று நான்கு நொடித் துண்டை எடுத்து, அதே மாதிரி வரும்வரை வாயால் பாடுங்கள். வாயில் வந்த பிறகு வயலினை எடுங்கள். இடது கையில் நான்கு விரலையும் அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை விட்டு எழாமல் இழையப் பழகுங்கள். வைப்ரட்டோவைச் சுத்தமாக நிறுத்துங்கள். நீண்ட ஸ்வரம் வந்தாலே கை தானாக நடுங்கும், அந்தப் பழக்கம் போகக் காலம் ஆகும். ஸ-வும் ப-வும் அசையாமல் நிற்க வேண்டியவை. அவற்றில் நிற்கக் கற்றுக்கொண்டால்தான் மற்றவை அசைவதற்கு அர்த்தம் வரும்.

ராகம் என்பது ஸ்கேல் தானே? எனக்குத் தெரிந்த ஸ்கேல்களை வைத்து ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், வழிகாட்டிப் பலகையாக. மேஜர் ஸ்கேல் சங்கராபரணம். லிடியன் கல்யாணி. டோரியன் கரஹரப்ரியா. மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. ஜாஸ்காரர்களின் மெலோடிக் மைனர் கௌரிமனோஹரி. ஏழு ஸ்வரத் தாய் ராகங்களான மேளகர்த்தாக்கள் 72 இருப்பதால் மேற்கத்திய இசையில் பெயரே இல்லாத வரிசைகளும் நிறையக் கிடைக்கும்.

ஆனால் ஒரே ஏறுவரிசை இறங்குவரிசை வைத்துக்கொண்டு வேறு வேறு முகம் காட்டும் ராகங்களும் உண்டு. எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டுப் போவது, எந்தச் சொற்றொடர் வந்தால் கேட்பவர் தலையசைப்பார் என்பதில்தான் ராகம் இருக்கிறது. அதைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. ஒரு ராகத்தில் நாலைந்து கீர்த்தனைகளைக் காதில் வாங்கினால் தானாகப் புரியும்.

வயலின் வெள்ளைக்காரர் கொண்டுவந்த கருவி. அது எப்படி இவ்வளவு நம்முடையதாக ஆனது?

முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில், அங்கிருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தது. முதலியார்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு. அவர்கள் வழியாகத்தான் கோட்டையில் வாசித்த ஆங்கிலேய பேண்டு இசை தீட்சிதர் சகோதரர்களின் காதில் விழுந்தது. தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) ஒரு ஐரோப்பிய இசைக்காரரிடம் வயலின் கற்றார், பிறகு அதில் கர்நாடக இசையை வாசித்தார். அதே காலத்தையொட்டித் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834ல் யானைத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அண்ணனின் பகுதி. அந்த பேண்டு மெட்டுகளை முத்துசாமி தீட்சிதர் ஒதுக்கவில்லை. சுமார் நாற்பது மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்களே, அவைதான். ஆங்கிலேயரின் தேசியகீத மெட்டு ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆனது. அயர்லாந்தின் நடன மெட்டு ஒன்று மதுரை மீனாட்சியைப் பாடும் ‘வந்தே மீனாக்ஷி’ ஆனது. கமகம் இல்லாத நேர் ஸ்வரங்களை நேராகவே வைத்துக்கொண்டார். இன்னொருவர் இசையை எப்படிக் கேட்பது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

வயலின் நிலைத்ததற்குக் கருவியின் அமைப்பும் காரணம். அதில் மெட்டுக்கட்டை கிடையாது, வில் ஓடும்வரை நாதம் அறாது. பாடும் குரலோடு நிழல்போல் போக அதனால் முடிகிறது.

அப்படியானால் கீபோர்டிலும் கிட்டாரிலும் கர்நாடக இசை முடியாதா?

சாதாரண கீபோர்டில் கஷ்டம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கிவைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்து இன்று பலர் சமாளிக்கிறார்கள், சிலர் பிரமாதமாகவும் செய்கிறார்கள். ஆனால் முதல் கருவியாக அதை நான் சொல்ல மாட்டேன். குரலையோ வயலினையோ வீணையையோ கொஞ்சம் பழகிவிட்டு கீபோர்டுக்கு வந்தால் எதைத் தேடுகிறோம் என்றாவது தெரியும்.

கிட்டாரில் தந்தியை இழுத்தும், ஃப்ரெட் தாண்டி இழைந்தும் நிறையச் செய்யலாம். ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அதற்குப் பிறகு அவர் வாசித்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகக் குடைந்து, தந்தியை ஆழமாக அழுத்தி ஸ்வரத்தை வளைக்க வழிசெய்திருந்தார்கள்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் (1969–2014) கதை இன்னும் அழகு. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்ல. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு மாண்டலினில் எடுப்பான். அந்தக் கருவியில் யாரும் போட்டுவைத்த பாதை இல்லாததால் குரலையே பின்பற்றினார். கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்ஸபோனைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் நாகஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர் 1994ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி பிராம்ஸ் விழாவில் வாசித்தார். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன் இருந்தார்.

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருப்பது, கருவியைக் கையில் எடுக்கும்போதே இசை காதில் முழுதாக இருந்தது என்பதுதான்.

நான் கர்நாடக வயலின் கற்றவன். மேற்கத்திய இசைக்குப் போனால் எது கஷ்டமாக இருக்கும்?

தாடையில் பிடிப்பது சில மாதங்களில் வந்துவிடும். கழுத்து வலித்தால் ஷோல்டர் ரெஸ்ட்டை மாற்றிப் பாருங்கள்.

உண்மையான கஷ்டம் மூன்று இடத்தில். முதலாவது, ஸ நகராது என்ற நம்பிக்கை. உங்களுக்கு ஸ எங்கே வைத்தாலும் ஸ-தான், மற்றவை அதிலிருந்து அளக்கப்படும். அங்கே ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் அல்லது அதையொட்டிய நிலையான இடம், பாட்டின் நடுவிலேயே ஆதார ஸ்வரம் வேறு இடத்துக்குப் போகும். பின்னால் தம்புரா இல்லாத வெறுமையும் முதலில் உறுத்தும்.

இரண்டாவது, வில். நாம் சாகித்யத்தின் எழுத்துக்கு வில் போடுகிறோம். அவர்கள் வில்லின் எடை, வேகம், தந்தியில் படும் இடம், துள்ளல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பழகுகிறார்கள். இதைப் பொறுமையாகக் கற்றால் உங்கள் கர்நாடக வாசிப்பும் மாறும். நாதம் திறக்கும்.

மூன்றாவது, மற்றவர்களைக் கேட்பது. நமக்குப் பக்கவாத்தியப் பழக்கம் உண்டு, பாடகரைத் தொடர்வோம். ஒரு நால்வர் குழுவில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரம் வாசிக்கும்போது உங்கள் ஸ்வரம் அதில் எந்த வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இன்னொருவரோடு இரட்டை வயலின் பாடங்கள் வாசியுங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் கிரேடு தேர்வுகள் ஒழுங்குக்கு உதவும். ஆனால் தேர்வுப் பாடங்களை மட்டும் வாசித்து எட்டாவது கிரேடு முடித்துவிட்டு, ஒருவரோடும் சேர்ந்து வாசித்தே இராத பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொள்ள உதவும். இந்த முயற்சி பழையது. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களிலேயே கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்துதான் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904ல் வெளிவந்தது. கமகங்களுக்கென்று தனிக் குறிகள் போட்ட நூல் அது. நாம் பாடப்புத்தகங்களில் பார்க்கும் ஸ்வரக் குறிப்பில் பெரும்பாலும் கமகக் குறி இருக்காது. அதனால் எந்த நொட்டேஷனாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு பதிவு ஓடட்டும்.

அயர்லாந்து இசை கற்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே மெட்டுகள் பெரும்பாலும் செவிவழியாகத்தான் கைமாறுகின்றன. பலர் கூடி உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் தாளை விரித்து வைப்பது வழக்கமில்லை. சாதாரணமாக ஒரு மெட்டுக்கு எட்டு எட்டு பார் (தாள அளவு) கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. பல்லவி, அனுபல்லவியை மனப்பாடம் செய்த நமக்கு இது எளிதாக வரும்.

தாளத்தை எங்கிருந்து தொடங்குவது? நான் டிரம்ஸ் வாசிப்பவன்.

சொற்கட்டு. கருவியே வேண்டாம். மூன்றுக்கு ‘தகிட’, நான்குக்கு ‘தகதிமி’, ஐந்துக்கு ‘தகதகிட’, ஏழுக்கு ‘தகிட தகதிமி’. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைக் கையால் போட்டுக்கொண்டு இவற்றை வாயால் சொல்லுங்கள். கை ஒரு கணக்கில், வாய் வேறு கணக்கில் போய் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) சேரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே உலகம் முழுக்க டிரம்ஸ்காரர்கள் இப்படிச் சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோலைத் தேடி வருகிறார்கள்.

பல்கேரிய நடன இசையில் ஏழு எண்ணிக்கை சர்வ சாதாரணம், அதை 2+2+3 என்று பிரிப்பார்கள். நம் மிஸ்ர சாபு 3+2+2. இரண்டையும் அடுத்தடுத்து கைதட்டிப் பாருங்கள். மூன்று வரும் இடம் மாறியதும் உடம்பு சாயும் பக்கமே மாறிவிடும்.

எனக்குப் பிடித்த இசையை வேறு மரபு நண்பரோடு எப்படிப் பகிர்வது? லிங்க் அனுப்பினால் ‘நைஸ்’ என்று பதில் வருகிறது, அவ்வளவுதான்.

ஒரு மணிநேர ராகம் தானம் பல்லவியை அனுப்பினால் ‘நைஸ்’தான் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது.

முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முடியாவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும் ஒன்றை அனுப்பி, எந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘இரண்டாவது நிமிடத்தில் மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் தவிக்கவிட்டு, கடைசியில் தொடுவார், கேள்’ என்றால் அவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். காத்திருந்து கேட்பது வேறு கேட்பு.

மேற்கத்தியக் காதுக்கு முதலில் மோகனம் கொடுங்கள். அதே ஐந்து ஸ்வரங்கள் சீனப் பாடல்களிலும் ஸ்காட்லாந்துப் பாடல்களிலும் உண்டு, அந்நியமாகத் தெரியாது. ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடியதைக் கொடுப்பது இன்னும் நல்லது. எழுதப்பட்டது எது, அந்த நிமிடத்தில் பிறந்தது எது என்று அவரே கண்டுபிடிப்பார். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் மொழி, மரபு எல்லாம் தாண்டிப் போய்ச் சேரும். வடக்கத்திய நண்பர் என்றால் அவர் மால்கவுன்ஸ் கேட்டு வளர்ந்திருப்பார், நீங்கள் ஹிந்தோளம் அனுப்புங்கள். அதே ஐந்து ஸ்வரங்கள் வேறு நடையில் வருவதை இருவரும் பேசிக்கொள்ளலாம்.

எதிர்த்திசையில், கர்நாடகக் காதுக்கு நேரடியாக சிம்பொனி வேண்டாம். நூறு பேர் வாசிக்கும்போது எதைப் பிடிப்பது என்று தெரியாது. பரோக் கால (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய) இசையில் தொடங்குங்கள். தாளம் சீராக ஓடும், கீழே ஒரு குரல் நடந்துகொண்டே இருக்கும். ஒருமுறை மேல் குரலை மட்டும் கேளுங்கள், அடுத்தமுறை கீழ்க்குரலை மட்டும். பிறகு இரண்டையும். ஒரே நேரத்தில் இரண்டு மெட்டைக் காது பிடிக்கும் முதல் தடவை பலருக்குப் புல்லரிக்கும்.

அப்புறம் ஒன்று. அவர் அனுப்புவதையும் அதே அக்கறையோடு கேளுங்கள். ஹெவி மெட்டலாக இருந்தாலும் சரி.

டொராண்டோவில் இருக்கிறோம். மகள் பள்ளியில் மேற்கத்திய வயலின் கற்கிறாள். வார இறுதியில் கர்நாடக வயலினும் சேர்க்கலாமா? குழம்பிவிடுவாளா?

இரண்டு வயலினையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். பள்ளியில் வயலின் போகட்டும், கர்நாடக இசையை முதலில் வாய்ப்பாட்டாகத் தொடங்குங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், சில கீதங்கள் பாடி முடிப்பதற்குள் ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளை காதில் தங்கிவிடும், தாளமும் கையில் வந்துவிடும். அதன் பிறகு கர்நாடக வயலினை எடுத்தால் அவள் தேடுவது ஏற்கெனவே அவளுக்குத் தெரிந்த ஒன்றாக இருக்கும்.

குழப்பம் பற்றிப் பெரியவர்கள் பயப்படும் அளவுக்குப் பிள்ளைகள் குழம்புவதில்லை. நின்று வாசிப்பது ஒன்று, தரையில் உட்கார்ந்து வாசிப்பது இன்னொன்று. உட்காரும் விதமே எந்த இசை என்று உடம்புக்குச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு ஆசிரியர்களுக்கும் இன்னொருவர் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ‘இங்கே கற்றதை மறந்துவிடு’ என்று சொல்லாத ஆசிரியரைத் தேடுங்கள்.

வேறு மரபைச் சேர்ந்தவரை ஒரு குரு உண்மையாக ஏற்றுக்கொள்வாரா?

ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) அமெரிக்கர். வெஸ்லியனில் மிருதங்கம் டி. ரங்கநாதனிடம் இந்த இசையோடு பழகினார், பிறகு தமிழகம் வந்து அவருடைய சகோதரர் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனிடம் கற்றார். இந்தச் சகோதரர்கள் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள். ஹிக்கின்ஸ் திருவையாறு தியாகராஜ ஆராதனையிலும் பாடினார். இந்த ஊர் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைத்தது. அந்தப் பாராட்டு வேற்றுநாட்டவர் பாடுகிறாரே என்ற ஆச்சரியத்துக்காக மட்டும் கிடைக்கவில்லை. பதிவுகளைக் கேளுங்கள், உச்சரிப்பிலும் நிதானத்திலும் அவர் பட்ட பாடு தெரியும்.

பெரும்பாலான ஆசிரியர்கள் எதிர்பார்ப்பது ஒழுங்காக வருவதும், சொன்னதைச் சாதகம் செய்வதும்தான். இணையவழி வகுப்பில் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அதற்காக வகுப்பைப் பதிவுசெய்ய அனுமதி கேட்டு, அந்தப் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பழகுங்கள்.

பறை கற்க ஆசை. கர்நாடகப் பின்னணி எனக்கு உதவுமா?

தாளக் கணக்கு உதவும். மற்றதெல்லாம் புதிது. தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவது, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் ஒன்றோடொன்று பேசுவது, ஆடிக்கொண்டே அடிப்பது. காலை அசைக்காமல் பறை கற்க முடியாது.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பறை தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. இழிவாகச் சாவுக்கு அடிக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்ட கருவி அது. அந்த மக்களும் தலித் பண்பாட்டு இயக்கங்களும்தான் போராடி அதை விடுதலையின் கருவியாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களிலும் பறை ஒலிக்கிறது. அந்தக் கலைஞர்களிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள், கர்நாடக வித்வானுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடும் அதே கட்டணத்தோடும். அவர்கள் சொல்லும் கதைகளும் பாடத்தின் பகுதிதான்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனி முடியுமா?

முடியும். மேடை ஏற வேண்டும் என்று நினைத்தால் கடினம். ஒரு ராகத்தை உட்கார்ந்து நிம்மதியாக வாசிக்க வேண்டும் என்றால் தினமும் அரைமணி நேரம் போதும், விடாமல் செய்தால். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் சேர்த்து வாசிப்பதில் பயன் குறைவு.

கலந்து வாசிப்பது எப்போது? ஃபியூஷன் என்றாலே சிலர் முகம் சுளிக்கிறார்களே?

இரண்டில் ஒன்றாவது உங்களுக்கு ஆழமாகத் தெரிந்த பிறகு. மெக்லாஃப்லின், வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோர் 1970களின் நடுவில் சக்தி குழுவாகச் சேர்ந்து வாசித்தபோது ஒவ்வொருவரும் தன் மரபில் வேரூன்றியவர்கள். ஒருவர் மற்றவர் மொழியைக் கற்கவும் உழைத்தார்கள். கீழே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) போட்டு மேலே ஏதோ ஒரு ராகத்தைத் தூவினால் ராகம் நசுங்கும். கார்டு மாறும்போது ஆதாரமே மாறுவதுபோல் கேட்கும் என்பதால், ராகத்தின் கீழே அசையாத ஸ-ப-வையோ ஒற்றைக் கீழ்க்குரலையோ வைத்து முயற்சி செய்யுங்கள்.

சென்னைக்கு வருகிறேன். நேரில் கேட்க எங்கே போகலாம்?

டிசம்பர் என்றால் மார்கழி சீசன். மியூசிக் அகாடமி போன்ற பெரிய சபாக்களில் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு இலவச அனுமதி. இளம் கலைஞர்கள் வாசிப்பதும் அப்போதுதான், கூட்டமும் குறைவு. ஜனவரியை ஒட்டி வந்தால் திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதைக் காவிரிக் கரையில் உட்கார்ந்து கேட்கலாம்.

வயலின் கற்பவர்கள் மேடையைப் பார்த்தபடி வலது பக்கமாக, முன்வரிசையில் உட்காருங்கள். வயலின்காரர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருப்பார், அவருடைய இடது கை முழுதாகத் தெரியும். பக்கத்தில் தாளம் போடும் பெரியவர் யாராவது இருந்தால் என்ன ராகம் என்று இடைவெளியில் கேளுங்கள். சொல்வார்கள், கூடவே யார் பாடிய பதிவைத் தேடிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து.